வெளியுறவு அமைச்சர்கள் ஐம்பது பேர் கூடி என்னதான் பேசுகிறார்கள்?

செய்தித்தாளில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். ஐம்பது பேர் மூன்று வரிசையாக நின்று கையசைக்கும் படம், பின்னால் கொடிகளின் வரிசை. கீழே, இரு பிராந்தியங்களின் ஒத்துழைப்பை வலுப்படுத்த வெளியுறவு அமைச்சர்கள் உறுதி பூண்டார்கள் என்கிற மாதிரி இரண்டு வரி. படித்துவிட்டு விளையாட்டுப் பக்கத்துக்குப் போய்விடுவோம். அதில் தப்பே இல்லை, அந்த இரண்டு வரியில் செய்தி ஒன்றும் கிடையாது. ஆனால் அந்தக் கூட்டத்தில் செய்தி இல்லாமல் இல்லை. அதை எங்கே தேடுவது என்று தெரிந்துகொண்டால் இந்த மாநாடுகள் சுவாரசியமானவை.

முதலில் அடிப்படை. இரண்டு நாடுகள் பேசினால் இருதரப்புப் பேச்சு. உலக நாடுகள் எல்லாம் கூடினால் ஐ.நா. சபை. இரண்டுக்கும் நடுவில் இன்னொரு வகை இருக்கிறது. ஒரு பிராந்தியத்து நாடுகள் ஒரு கூட்டமாக வந்து, இன்னொரு பிராந்தியத்து நாடுகளோடு உட்கார்ந்து பேசுவது. ஐரோப்பிய ஒன்றியமும் தென்கிழக்கு ஆசியாவின் ஆசியான் அமைப்பும் 1978இலிருந்தே இப்படி அமைச்சர் மட்டத்தில் சந்தித்து வருகின்றன. இந்த வகையில் பெரியதும், எனக்கு விளக்க வசதியானதும் ஆசெம். ஆசிய–ஐரோப்பியக் கூட்டம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. அதை வைத்தே பார்ப்போம்.

எப்படி வந்தது?

1990களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதாரம் வட அமெரிக்கா, மேற்கு ஐரோப்பா, கிழக்கு ஆசியா என்ற மூன்று இடங்களில் குவிந்திருந்தது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் பேச நேட்டோவில் தொடங்கி எத்தனையோ மேடைகள். அமெரிக்காவும் கிழக்கு ஆசியாவும் பேச 1989இல் ஏபெக் என்கிற ஆசிய–பசிபிக் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு வந்துவிட்டது. ஐரோப்பாவும் கிழக்கு ஆசியாவும் பேச மட்டும் முறையான மேடை இல்லை. 1994 அக்டோபரில் பிரான்ஸுக்குப் போன சிங்கப்பூர்ப் பிரதமர் கோ சோக் டோங் அப்படி ஒன்றை ஏற்படுத்தலாமே என்றார். பிரெஞ்சுக்காரர்களுக்கு யோசனை பிடித்துப்போனது. அமெரிக்கா இல்லாத மேடை என்பதும் அவர்களுக்கு ஒரு கவர்ச்சியாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

1996 மார்ச் முதல் வாரத்தில் பாங்காக்கில் முதல் உச்சி மாநாடு. அன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் 15 நாடுகள், ஆசியானின் 7 நாடுகள், கூடவே சீனா, ஜப்பான், தென்கொரியா. ஐரோப்பிய ஆணையமும் தனித் தரப்பாக வந்தது. அதன்பின் ஒரு தாளம் பிடிபட்டது. பிரதமர்களும் அதிபர்களும் கூடும் உச்சி மாநாடு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு முறை ஆசியாவில், மறுமுறை ஐரோப்பாவில். இடைப்பட்ட ஆண்டுகளில் வெளியுறவு அமைச்சர்கள் கூட்டம். நடுவில் சில ஆண்டுகள் முன்பின் ஆனாலும் கணக்கு இதுதான்.

அமைச்சர்களின் முதல் கூட்டம் 1997 பிப்ரவரியில் சிங்கப்பூரில் நடந்தது. அப்போது அங்கே வெளியுறவு அமைச்சர் எஸ். ஜெயக்குமார். அடைப்புக்குள் போட வேண்டிய விஷயம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பதவியில் தமிழ் வேர் கொண்டவர்கள் பலர் இருந்திருக்கிறார்கள். முதல் அமைச்சர் எஸ். ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். 1967 ஆகஸ்ட் 8 அன்று பாங்காக்கில் ஆசியானைத் தொடங்கிவைத்துக் கையெழுத்திட்ட ஐந்து பேரில் அவரும் ஒருவர். அவருக்குப் பின் தனபாலன், பிறகு ஜெயக்குமார், சண்முகம், இப்போது விவியன் பாலகிருஷ்ணன். பெரிய நாடுகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்னத் தீவுக்கு, நாலு பேர் கூடிப் பேசும் மேடைகள் எவ்வளவு அவசியம் என்பது இவர்கள் எல்லோருடைய பேச்சிலும் திரும்பத் திரும்ப வரும். ஆசெம் யோசனை அங்கிருந்து கிளம்பியதில் ஆச்சரியமில்லை.

யார் யார் உள்ளே?

இப்போது ஆசெமில் 53 தரப்புகள். 51 நாடுகள், அப்புறம் ஐரோப்பிய ஒன்றியமும் ஆசியான் செயலகமும். புதிதாக ஒரு நாடு சேர வேண்டுமானால் முதலில் சொந்தப் பிராந்தியம் சம்மதிக்க வேண்டும், பிறகு எதிர்ப் பிராந்தியமும் சம்மதிக்க வேண்டும். இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே சுற்றில்தான் சேர்க்கப்பட்டன. 2006இல் ஹெல்சிங்கியில் முடிவாகி, 2008இல் பெய்ஜிங்கில் முதல்முறையாக உச்சி மாநாட்டில் உட்கார்ந்தன. வங்கதேசம் 2012இல் வந்தது. இலங்கை உறுப்பினர் இல்லை.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ரஷ்யா மூன்றும் 2010இல் வந்தபோது ஒரு சிக்கல். இவற்றை எந்தப் பக்கம் வைப்பது? தற்காலிகமாக மூன்றாவது வகை என்று ஒன்றை உண்டாக்கி உட்காரவைத்தார்கள். பிறகு மூன்றும் ஆசியப் பக்கத்திலேயே சேர்ந்துவிட்டன. ஆக, தலைநகரை ஐரோப்பாவில் வைத்திருக்கும் ரஷ்யா இந்தக் கூட்டத்தில் ஆசியா. பிராந்தியம் என்பதைப் பூகோளப் புத்தகம் தீர்மானிப்பதில்லை, யார் யாரைத் தங்களோடு சேர்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது.

கூட்டத்துக்கு முன்னும் பின்னும்

அமைச்சர்கள் இரண்டு நாள்தான் வருவார்கள். வேலை பல மாதம் முன்பே தொடங்கிவிடும். ஒவ்வொரு நாட்டு வெளியுறவுத் துறையிலிருந்தும் மூத்த அதிகாரிகள் கூடி நிகழ்ச்சி நிரலை முடிவு செய்வார்கள். ஆசெமுக்கென்று பெரிய தலைமைச் செயலகம் கிடையாது. சிங்கப்பூரில் 1997இல் தொடங்கிய ஆசிய–ஐரோப்பிய அறக்கட்டளை மட்டும்தான் நிரந்தர அமைப்பு, அதுவும் கல்வி, கலாசாரப் பரிமாற்றங்களைப் பார்க்கும் அமைப்பு. மற்றபடி கூட்டத்தை நடத்தும் நாடும், இரு பக்கத்திலும் முறைவைத்து வரும் ஒருங்கிணைப்பாளர்களும்தான் எல்லாவற்றையும் இழுத்துக் கட்ட வேண்டும்.

அதிகாரிகளின் முக்கிய வேலை அறிக்கையின் வரைவு. எல்லோரும் ஒப்புக்கொண்ட வரிகள் அப்படியே இருக்கும். ஒப்புக்கொள்ளாதவை சதுர அடைப்புக்குறிக்குள் போகும். தென் சீனக் கடலைப் பற்றி ஒரு வாக்கியம் வேண்டும் என்று ஒருவர் கேட்பார், கூடவே கூடாது என்பார் இன்னொருவர், வாக்கியம் அடைப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அமைச்சர்கள் வருவதற்குள் எத்தனை அடைப்புகளை அவிழ்க்க முடியும் என்பதுதான் அதிகாரிகளின் போராட்டம். கடைசி இரவில் தூங்காமல் உட்கார்ந்து காற்புள்ளிக்குக்கூடச் சண்டை போடுவார்கள். மிஞ்சியவை அமைச்சர்களின் தலையில் விழும்.

அமைச்சர்கள் வந்ததும் பொது அமர்வு. ஐம்பது பேர், ஆளுக்குச் சில நிமிடம். எழுதிக் கொண்டுவந்ததைப் படிப்பார்கள். நேர்மையாகச் சொன்னால் இது சலிப்பான பகுதி, அவர்களுக்கும்தான். ஒருவர் பேசும்போது மற்றவர் தன் உரையைத் திருத்திக்கொண்டிருப்பார். இதற்கு மாற்றாக வந்ததுதான் ரிட்ரீட் என்கிற மூடிய அமர்வு. உதவியாளர்கள் பெரும்பாலும் வெளியே. கையில் காகிதம் இல்லாமல் பேச வேண்டும், பத்திரிகையாளர்களுக்கு இடமில்லை. வடகொரியா, உக்ரைன், மியான்மர் மாதிரி சூடான விஷயங்களை ஓரளவு வெளிப்படையாகப் பேச இடம் கிடைப்பது இங்கேதான்.

இன்னொரு பக்கம் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு கொடி, எதிரெதிராக நாற்காலிகள். ஒரே நாளில் ஒரு அமைச்சர் எட்டுப் பத்து நாட்டு அமைச்சர்களைத் தனித்தனியாகச் சந்தித்துவிடுவார். அத்தனை தலைநகரங்களுக்கும் தனித்தனியாகப் பறந்தால் மாதக்கணக்கில் ஆகும். செலவுக் கணக்கு பார்க்கிறவர்கள்கூட இந்த மாநாடுகளை ஒழித்துவிடச் சொல்லாததற்கு இது ஒரு காரணம்.

பகையாளிகள் சந்திக்க ஒரு சாக்கு

நம் வீடுகளில் பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளிகள் பொதுவான ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் எதிரெதிரே வந்துவிடுவார்கள். அவன் வீட்டுக்கு நான் போகவில்லை, என் வீட்டுக்கு அவன் வரவில்லை, யாருடைய கௌரவமும் போகவில்லை. ஆனால் பந்தியில் பக்கத்து இலை. நாடுகளுக்குள்ளும் இதே சிக்கல்தான். எதிரியின் தலைநகருக்கு நேராகப் போனால் உள்நாட்டில் பணிந்துவிட்டார் என்பார்கள். மூன்றாம் நாட்டில் மாநாடு என்றால் அந்தப் பேச்சு எழாது.

இதற்கு நல்ல உதாரணம் முதல் கூட்டத்திலேயே நடந்தது. 1975 டிசம்பரில், போர்ச்சுகலின் காலனியாக இருந்த கிழக்குத் திமோருக்குள் இந்தோனேசியா படையெடுத்தது. போர்ச்சுகல் தூதரக உறவைத் துண்டித்துக்கொண்டது. ஐ.நா. ஏற்பாட்டில் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் அவ்வப்போது பேசினார்கள், நகர்வு குறைவு. 1996இல் பாங்காக் வந்தபோது போர்ச்சுகலின் புதிய பிரதமர் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவை நேரில் சந்தித்து ஒரு யோசனையை வைத்தார். சிறையில் இருக்கும் திமோர் தலைவர் ஷனானா குஸ்மாவை விடுதலை செய்யுங்கள், இரு தலைநகரங்களிலும் முழுத் தூதரகத்துக்குப் பதிலாகச் சிறிய அலுவலகங்களைத் திறப்போம் என்றார். அந்தப் பிரதமரின் பெயர் அந்தோனியோ குத்தேரஸ். ஆமாம், பின்னாளில் ஐ.நா. பொதுச் செயலாளர் ஆனவரேதான்.

சுகார்த்தோ அன்று ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் யோசனை மேசையிலேயே கிடந்தது. 1998 மே மாதம் சுகார்த்தோ பதவி இழந்தார். 1999இன் தொடக்கத்தில் அந்த அலுவலகங்கள் திறக்கப்பட்டன. அதே ஆண்டு மே 5 அன்று நியூயார்க்கில் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்கள், ஜெய்மே காமாவும் அலி அலாத்தாஸும், மக்கள் வாக்கெடுப்புக்கு ஒப்பந்தம் போட்டார்கள். ஆகஸ்டில் 78 சதவீதத்துக்கும் மேலானவர்கள் பிரிந்துபோக வாக்களித்தார்கள். அதைத் தொடர்ந்த வன்முறை கொடூரமானது. 2002இல் திமோர் தனி நாடானது, 2025 அக்டோபரில் ஆசியானின் 11ஆவது உறுப்பினராகவும் சேர்ந்தது.

இதெல்லாம் பாங்காக் சந்திப்பால் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. சுகார்த்தோவைக் கவிழ்த்தது ஆசியப் பொருளாதார நெருக்கடியும் தெருவில் இறங்கிய மாணவர்களும். ஆனால் சூழ்நிலை மாறியபோது எடுத்துக்கொள்ளத் தயாராக ஒரு யோசனை இருந்தது, அது தலைவரிடம் நேராகச் சொல்லப்பட்டிருந்தது. இந்த மாதிரிக் கூட்டங்களிடம் எதிர்பார்க்கக்கூடியது இவ்வளவுதான். அது கொஞ்சமில்லை.

யாரை அழைப்பது என்பதே சண்டையானால்?

2004இல் ஆசெம் உடையும் நிலைக்கு வந்தது. அந்த மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து நாடுகள் புதிதாகச் சேர்ந்தன. அவை ஆசெமுக்கும் வரட்டும் என்றது ஐரோப்பா. அப்படியானால் ஆசியானில் புதிதாகச் சேர்ந்த கம்போடியா, லாவோஸ், மியான்மர் மூன்றும் வரட்டும் என்றது ஆசியா. மியான்மர் ராணுவ ஆட்சி ஜனநாயகத் தலைவர் ஆங் சான் சூச்சியைக் காவலில் வைத்திருந்த நேரம் அது. அவர்களோடு உட்கார மாட்டோம் என்று ஐரோப்பா மறுத்தது. எங்கள் பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்று நீங்கள் எப்படிச் சொல்லலாம் என்று ஆசியா திருப்பிக் கேட்டது. அந்த ஆண்டு நடக்க வேண்டிய நிதி அமைச்சர்கள் கூட்டமும் பொருளாதார அமைச்சர்கள் கூட்டமும் ரத்தாயின. ஏப்ரலில் அயர்லாந்தில் கூடிய வெளியுறவு அமைச்சர்களாலும் தீர்க்க முடியவில்லை. கடைசியில் மியான்மர் வரலாம், ஆனால் அரசின் தலைவர் அளவில் யாரும் வரக்கூடாது என்று ஒரு வழி கண்டுபிடித்து, அக்டோபரில் ஹனோய் மாநாட்டை நடத்திமுடித்தார்கள்.

பதின்மூன்று ஆண்டு கழித்து, 2017 நவம்பர் 20, 21 தேதிகளில், வெளியுறவு அமைச்சர்கள் கூட்டம் மியான்மர் தலைநகர் நேப்பிடோவிலேயே நடந்தது. வரவேற்றவர் வெளியுறவு அமைச்சர் ஆங் சான் சூச்சி. யாரைக் காவலில் வைத்ததற்காக ஐரோப்பா முறைத்துக்கொண்டதோ, அவர் இப்போது தலைவர் நாற்காலியில். ஆனால் அந்த ஆகஸ்டுக்குப் பிறகு ரக்கைன் மாநிலத்திலிருந்து 6 லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்துக்குத் தப்பி ஓடியிருந்தார்கள். கூட்டத்துக்கு முந்தைய நாள் ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவுப் பொறுப்பாளர் மொகெரினியும், ஜெர்மனி, சுவீடன், ஜப்பான் வெளியுறவு அமைச்சர்களும் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் அகதி முகாம்களைப் பார்த்துவிட்டு அங்கிருந்துதான் நேப்பிடோ வந்தார்கள். சீனாவின் வாங் யீ டாக்காவுக்குப் போய்விட்டு வந்தார். சண்டை நிறுத்தம், இரு நாடுகளும் பேசி மக்களைத் திருப்பி அழைப்பது, வறுமையைப் போக்குவது என்று மூன்று கட்ட யோசனை ஒன்றை வைத்தார்.

கூட்டம் முடிந்த இரண்டாம் நாள், நவம்பர் 23 அன்று, மியான்மரும் வங்கதேசமும் அகதிகளைத் திருப்பி அனுப்ப ஒப்பந்தம் போட்டன. அத்தனை அமைச்சர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது ஒரு நெருக்கடியாகத்தான் இருந்திருக்கும். சரி, அப்புறம்? 2018இலும் 2019இலும் திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்தபோது, பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை என்று அகதிகள் யாரும் கிளம்பவில்லை. முகாம்கள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. சந்திப்பு ஏற்பாடு செய்து தரலாம், காகிதத்தில் கையெழுத்துக்கூட வாங்கித் தரலாம், அதை நிறைவேற்றவைக்கும் கை இந்தக் கூட்டங்களுக்குக் கிடையாது.

அறிக்கையை எப்படிப் படிப்பது?

ஆசெம் கூட்டத்தின் முடிவில் வருவது பெரும்பாலும் தலைவர் அறிக்கை. நடத்திய நாடு, கூட்டத்தில் இப்படிப் பேசப்பட்டது என்று தன் பொறுப்பில் வெளியிடுவது. எல்லோரும் ஏற்றுக்கொண்ட கூட்டறிக்கைக்கு எடை அதிகம், அது கிடைப்பதும் கடினம். ஒப்பந்தம் என்பது இரண்டையும் தாண்டிய வேறு ஜாதி. அதில்தான் சட்டக் கட்டுப்பாடு உண்டு, அது ஆசெமில் இல்லை. படிக்கும்போது எந்த விஷயத்துக்குப் பக்கம் பக்கமாக இடம், எதற்கு ஒரே வரி என்று பாருங்கள். போன கூட்டத்தில் இருந்த எந்த வரி இந்தமுறை காணாமல்போனது என்பதையும் பாருங்கள். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த விளையாட்டு.

எல்லாக் கூட்டமும் இவ்வளவு இறுக்கமாக இருப்பதில்லை. ஆசியான் 1994இல் தொடங்கிய பிராந்தியப் பாதுகாப்பு மன்றத்தில் அமெரிக்கா, ரஷ்யா, வடகொரியா எல்லோரும் இருக்கிறார்கள். இலங்கையும் 2007இல் சேர்ந்தது. அந்தக் கூட்டத்தின் இரவு விருந்தில் அமைச்சர்கள் பாட்டோ நாடகமோ போடும் வழக்கம் நெடுநாள் இருந்தது. 1998இல் மணிலாவில் அமெரிக்காவின் மேடலின் ஆல்பிரைட்டும் ரஷ்யாவின் பிரிமகோவும் ஜோடியாகப் பாடினார்கள். பனிப்போர் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

சில நேரம் இந்தக் கூட்டங்கள் ஒரு வல்லரசுக்கு எதிராகத் துணிச்சலும் தரும். 1984 செப்டம்பரில் கோஸ்டாரிகாவின் சான் ஹோசேயில் மேற்கு ஐரோப்பாவின் வெளியுறவு அமைச்சர்கள் மத்திய அமெரிக்காவின் ஐந்து நாட்டு அமைச்சர்களைச் சந்தித்தார்கள். நிகரகுவாவின் இடதுசாரி அரசோடு அமெரிக்கா மறைமுகப் போர் நடத்திக்கொண்டிருந்த காலம். நிகரகுவாவுக்கு உதவி போய்ச்சேரக் கூடாது என்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஷுல்ட்ஸ் ஐரோப்பியர்களுக்கு முன்கூட்டியே கடிதமும் எழுதினார். அவர்கள் நிகரகுவாவையும் சேர்த்துக்கொண்டே பேசினார்கள். தனித்தனியாக என்றால் பல நாடுகள் தயங்கியிருக்கும்.

ஆசெமின் இன்றைய நிலை அவ்வளவு நன்றாக இல்லை. வெளியுறவு அமைச்சர்களின் 14ஆவது கூட்டம் 2019 டிசம்பரில் மாட்ரிட்டில் நடந்தது. கொரோனாவால் தள்ளிப்போன உச்சி மாநாட்டைக் கம்போடியா 2021 நவம்பரில் இணையவழியில் நடத்தியது. மூன்றே மாதத்தில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. ரஷ்யா உறுப்பினராக உள்ள மேசைக்கு ஐரோப்பியர்கள் உற்சாகமாக வருவார்களா? படையெடுப்புக்கு இரண்டே நாள் முன்பு, 2022 பிப்ரவரி 22 அன்று, ஐரோப்பியர்கள் பாரிஸில் வேறொரு மேசை போட்டார்கள். இந்தோ–பசிபிக் அமைச்சர்கள் மன்றம். அதற்குச் சீனாவை அழைக்கவில்லை, அமெரிக்காவையும் அழைக்கவில்லை. இந்தியாவிலிருந்து ஜெய்சங்கர் போனார். ஒத்த கருத்துள்ளவர்கள் மட்டும் கூடினால் அறிக்கை சீக்கிரம் எழுதலாம், அதில் சந்தேகமில்லை. ஆனால் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் தற்செயல்போலச் சந்தித்துக்கொள்ள அங்கே வாய்ப்பில்லை.

கடைசியாக ஒன்று, அடுத்த முறை செய்தி வரும்போது பார்க்க. யார் வந்தார்கள் என்பதோடு எந்தத் தகுதியில் உள்ளவர் வந்தார் என்பதும் ஒரு பதில்தான். முழு அமைச்சரா, இணை அமைச்சரா, வெறும் தூதரா? இதை நாம் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறோம். 2013 நவம்பர் 11, 12 தேதிகளில் ஆசெம் வெளியுறவு அமைச்சர்கள் கூட்டம் டெல்லியை ஒட்டிய குர்கானில், சல்மான் குர்ஷித் தலைமையில் நடந்தது. அதே வாரம் கொழும்பில் காமன்வெல்த் உச்சி மாநாடு. இந்தியா அதை முழுமையாகப் புறக்கணிக்க வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டிருந்தது. கனடா, மொரீஷியஸ் பிரதமர்கள் போகவில்லை. மன்மோகன் சிங்கும் போகவில்லை, ஆனால் குர்கானில் விருந்தினர்களை வழியனுப்பிய கையோடு குர்ஷித் கொழும்புக்கு விமானம் ஏறினார். பிரதமர் வராததைக் கொழும்பு கவனித்தது, அமைச்சர் போனதைச் சென்னை கவனித்தது.